மச்சானை எடுத்த இரண்டு வருடம்

உத்திரமேரூர் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வேலை. சான்றிதழ், அட்டை, விண்ணப்பம் என்று எதற்கு வந்தாலும் ஆளை நாற்காலியில் உட்காரவைத்து முகத்தைப் படம் பிடிக்க வேண்டும். "நேரா பாருங்க. சிரிக்காதீங்க. காது ரெண்டும் தெரியணும்." ஒருவர் எழுந்தால் அடுத்தவர். சுற்றுவட்டாரத்தில் நான் எடுக்காத முகம் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் சொந்தமாக ஒரு கேமரா வாங்கியபோது, இது கலைக்கு மட்டும், இதில் ஒரு ஆதார் மூஞ்சியும் வரக்கூடாது என்று எனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

முதல் ஆறு மாதம் கொக்கு எடுத்தேன். அப்புறம் ஏரியில் சூரியன் இறங்குவதை எடுத்தேன். அது தினமும் இறங்கியது, நானும் தினமும் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் கூடும் ஒரு புகைப்படக் குழுவில் சேர்ந்து, அவற்றில் நாற்பதைக் காட்டினேன். குழுவை நடத்துகிற சென்னை ஆசிரியர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல மனுஷங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார். நல்ல படம் தற்செயலாக யாருக்கும் விழும், ஒரே ஆளை ஒரே இடத்தில் இரண்டு வருடம் தொடர்ந்து எடுத்தால்தான் அது வேலை என்றார்.

கூப்பிட்டபோது வந்து, சொன்னபடி நின்று, எதற்கு என்று கேட்காத ஒரு ஆள் தேவைப்பட்டது. அப்படி ஒருவனை எனக்குக் கல்யாணத்திலேயே கொடுத்திருந்தார்கள். மனைவியின் தம்பி. மாகறல் பக்கத்தில் அவனுக்கு ஒன்றரை ஏக்கர். நவரை, சொர்ணவாரி என்று இரண்டு போகம் நெல் போடுவான், கிணற்றில் தண்ணீர் இருந்தால் சம்பாவும் உண்டு. சொந்த விஷயத்தில்கூட அடுத்தவர் முடிவு செய்தால் நிம்மதியாகிவிடுகிற சுபாவம்.

முதல் நாள் அவன் வரப்பில் நின்ற கோலம் இன்னும் மறக்கவில்லை. வெள்ளைச் சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை, நெற்றியில் விபூதி. நெல்லுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, லென்ஸை நேராகப் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். மனம் கேட்காமல் ஒரே ஒரு படம் எடுத்தேன். பிறகு, "சட்டையைக் கழட்டிட்டு அந்தக் கிழிஞ்ச பனியனைப் போடு மச்சான்" என்றேன்.

"அது சேறா கீதே மாமா."

"அதுதான் வேணும்."

அவன் மறுபேச்சுப் பேசாமல் மாற்றிக்கொண்டு வந்தான்.

அடுத்த ஞாயிறு அந்த வெள்ளைச் சட்டைப் படத்தைப் பார்த்த ஆசிரியர் கல்யாண ஆல்பம் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதாம். பார்ப்பவனுக்கு வேலையே வைப்பதில்லையாம். கை, முதுகு, பாதம், நிழல் இவற்றில்தான் மனிதன் இருக்கிறான் என்றார். முகத்தில் அலுத்துப்போயிருந்த எனக்கு அது வேத வாக்காகப் பட்டது. 'என் மச்சானும் அவன் வயலும்' என்று நான் வைத்திருந்த தலைப்பையும் அவர் 'மண்ணின் மனிதன்' என்று மாற்றிக் கொடுத்தார். மச்சான் என்ற சொல் உலக அரங்கில் எடுபடாது என்பது அவர் கருத்து.

அதிலிருந்து என் படங்கள் மளமளவென்று முன்னேறின. மண்வெட்டிக் காம்பில் அவன் விரல்கள். பாத வெடிப்பு. நாற்றுக்கட்டு சுமக்கும் முதுகு. மோட்டார் கொட்டகைச் சுவரில் அவன் நிழல். ஆனால் ஆளைப் பழக்குவதுதான் பேஜாராக இருந்தது. கேமராவைத் தூக்கினால் போதும், எங்கிருந்தாலும் முகம் என் பக்கம் திரும்பிவிடும். கூடவே ஒரு சிரிப்பும் வரும்.

"இங்க பாக்காத மச்சான். பாத்தா படம் கெட்டுப்போயிடும்" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. நாலைந்து மாதத்தில் கற்றுக்கொண்டான். கேமரா மேலே போனால் அவன் தலை கீழே போகும். குழுவில் காட்டியபோது, "சப்ஜெக்ட் உங்களை மறந்துட்டார், பெரிய விஷயம்" என்று எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பெருந்தன்மையாகத் தலையசைத்தேன்.

மனைவிக்கு மட்டும் இதில் திருப்தி இல்லை. "எந்தம்பிக்கு இன்னா மூஞ்சி இல்லியா? நல்ல சட்டையில ஒன்னு எடுத்தா கேமரா தேஞ்சிடுமா?" என்பாள். கலை தெரியாதவளிடம் வாதாடி என்ன பயன் என்று இருந்துவிடுவேன்.

இரண்டாம் வருடக் கடைசியில் ஆசிரியர், "இப்போ வெட்டுங்க. வெட்டத் தெரிஞ்சவன்தான் கலைஞன்" என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டினேன். ஆயிரத்துக்கு மேல் இருந்தது நானூறானது, நானூறிலிருந்து பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒதுக்கியதில் முதலில் போனது அந்த வெள்ளைச் சட்டைப் படம், அடுத்து அவன் என் பக்கம் திரும்பிய படங்கள் எல்லாம். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பன்னிரண்டும் சென்னையில் ஒரு கண்காட்சிக்குத் தேர்வாயின.

அதே மாதம் எங்கள் மகளுக்குக் காது குத்து வைத்தோம். எங்களுக்கு ஒரே பெண், மச்சானுக்கு ஒரே அக்கா. ஆக, தாய்மாமன் என்ற பெயரோடு ஊர் முன்னால் உட்கார அவனுக்கு முதன்முதலாக வாய்த்தது அந்த நாள்தான். எங்கள் பக்கத்தில் காது குத்து என்றால் பஸ் திரும்பும் இடத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தாக வேண்டும். மேலே குலதெய்வம், நடுவில் குழந்தை, குழந்தைக்குச் சமமாகத் தாய்மாமன். அவன் சிநேகிதர்கள் எல்லோரும் எந்த ஃப்ளெக்ஸிலாவது கூலிங் கிளாஸோடு நின்றாகிவிட்டது. இவன் மட்டும் இதுவரை எதிலும் இல்லை.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மதியத்துக்குள் படம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். மச்சான் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். கழனிச் சேறு ஒட்டிய காலைக் கழுவிக்கொண்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"நீ போயி சொம்மா ஸ்டுடியோல ஒன்னு எடுத்துக்கினு வாடான்னா கேக்க மாட்டன்றான்" என்றாள் மனைவி.

"இன்னாத்துக்குக்கா? மாமாகிட்ட ஆயிரம் கீது. நல்லதா ஒன்னு எடுத்துக்கலாம்" என்றான்.

ஃபோல்டரைத் திறந்தேன். விரல்கள் வந்தன. அவன் ஆர்வமாகக் குனிந்து பார்த்தான். பாதம் வந்தது. முதுகு வந்தது. இன்னொரு முதுகு. நான் வேகமாகத் தள்ளினேன். "மெதுவா மாமா" என்றான். நிழல் வந்தது. பனியன் கிழிசல் வழியாகத் தெரியும் தோள்பட்டை வந்தது. இது கண்காட்சி நடுவர்களுக்கு மிகவும் பிடித்த படம் என்றேன். அவன் தலையாட்டினான். நானூறையும் பார்த்தான், ஒன்றையும் விடவில்லை. கடைசிப் படத்தில் பனிமூட்டத்துக்குள் ஒரு புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தான்.

"நான் எங்க மாமா?" என்றான்.

அவன் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தேடியிருக்கிறான்.

"மொத நாளு வெள்ளச் சட்ட போட்டுக்கினு நின்னேனே, அது?"

அதை அழித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. எங்கோ இருக்கும், தேடணும் என்று முணுமுணுத்தேன். தினமும் ஊர் பேர் தெரியாதவர்களின் முகத்தை எடுத்து, தெளிவாக இல்லை என்றால் திருப்பி எடுத்து, பத்திரமாகச் சேமித்து வைக்கிறவன் நான். எனக்கு அவமானமாக இருந்தது. இப்போதே எடுத்துவிடலாம் என்று கேமராவை எடுக்க உள்ளே ஓடினேன். லென்ஸை மாட்டிக்கொண்டு வருவதற்குள் மனைவி தன் போனில் வேலையை முடித்திருந்தாள். என் சட்டையில் ஒன்றை அவனுக்கு மாட்டி, வாசல் கதவோரம் நிறுத்தி, "டேய், இங்க பாருடா, இளி" என்றிருக்கிறாள். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருந்தான். படம் வாட்ஸ்அப்பில் கடைக்குப் போயும் விட்டது. வெளிச்சம் பக்கவாட்டில் சரியாக விழவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

விழா அன்று பஸ் திருப்பத்தில் அவன் பத்தடி உயரத்தில் சிரித்துக்கொண்டு நின்றான். ஆசிரியர் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். எனக்கு அந்தச் சிரிப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. முன்பல்லில் ஒன்று லேசாக உடைந்திருந்தது. இரண்டு வருடம் அவன் பாத வெடிப்பை எண்ணியவனுக்கு அது புதுச் செய்தி.

கோயில் மண்டபத்தில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை, கழுத்தில் மாலை. காது குத்தும் ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. சுற்றிலும் போன்கள் எழுந்தன. "மாமா, இந்தப் பக்கம்!" "தாய்மாமா, இங்க பாரு!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவன் ஒருவரையும் ஏமாற்றவில்லை. அந்தப் போனைப் பார்த்தான், இந்தப் போனைப் பார்த்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்புக் கொடுத்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நானும் முன்னால் போய் மண்டி போட்டேன். இந்த ஒரு படத்தையாவது ஒழுங்காக எடுத்து, பெரிதாக அச்சுப் போட்டு, அவன் வீட்டுக் கூடத்தில் என் கையாலேயே மாட்டிவிட வேண்டும் என்று இருந்தது. கேமராவை உயர்த்தினேன். அவன் என்னைப் பார்த்தான். உடனே சிரிப்பை நிறுத்தி, தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"மச்சான், நிமிந்து பாரு."

அவன் நிமிரவில்லை. கேமராவைக் கீழே வைத்துவிட்டு, கிட்டே போய் அவன் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினேன். "என்னைப் பாருடா" என்றேன்.

யார் காதிலும் விழாதபடி, எனக்கு உதவி செய்கிற அக்கறையோடு அவன் கேட்டான்:

"படம் கெட்டுப் பூடாதா மாமா?"