வெண்டல் ரப்பின் ஒன்பது சட்டைகள்

என் பட்டறைக்கு வந்த துப்பாக்கிகளிலேயே படு அசிங்கமானது வெண்டல் ரப்புடையதுதான். குரங்கு கையில் பூமாலை கிடைத்த கதை. உலகப் போரில் எவனோ ஒரு ஜெர்மன் சிப்பாய் சுமந்த மவுசர் ரைஃபிள் அது. போர் முடிந்து பதினாலு வருஷம் கழித்து, கிரீஸ் பூசி, காகிதம் சுற்றி, தபாலில் வெண்டல் வீட்டு வாசலுக்கு வந்தது. வந்தபடியே வைத்திருந்தால் சாகும்வரை சுட்டிருக்கலாம். ஆனால் அவனுக்கு அது பட்டாளத்துச் சாமானாகத் தெரியக்கூடாது. பிட்ஸ்பர்க் நகரத்து டாக்டர்கள் எங்கள் பக்கம் மான் வேட்டைக்குக் கொண்டுவருவார்களே, அந்த மாதிரி மெலிசாக, பளபளப்பாக இருக்கவேண்டும்.

சமையலறை மேசையில் கிடத்தி, இரும்பறுக்கிற ஹாக்ஸாவால் குழலில் ஒரு சாண் நீளம் அறுத்துத் தள்ளினான். அறுப்பும் கோணல். முன்பக்கத்து மரக்கட்டையை மொட்டையடித்தான். மிச்சத்துக்கு வீட்டுத் தரைக்குப் பூசுகிற வார்னிஷ், அதுவும் மூன்று பூச்சு. தோளில் இடிக்காமல் இருக்க டிராக்டர் டியூபை வெட்டிப் பின்கட்டையில் ஆணி அடித்தான். அறுத்த துண்டோடு, குறிபார்க்க நுனியில் நிற்கிற குறிமுள்ளும் போய்விட்டதால், வேறு ஒன்றை அடித்தகட்டோடு வாங்கி ஈயம் வைத்து ஒட்டினான். இத்தனையும் செய்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினான். "எப்படிடா இருக்கு ஆர்லோ?" என்று கேட்டபோது அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"சவப்பெட்டிக்கு வார்னிஷ் அடிச்ச மாதிரி இருக்குடா" என்றேன். கடையில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அவன் அதை என் கையில் கொடுக்கவில்லை.

வெண்டல் நல்லவன். நல்லவன் என்று சொன்னால் எங்கள் ஊரில் பாதி திட்டு, பாதி இரக்கம். பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். வெள்ளிக்கிழமை தீயணைப்புக் கொட்டகையில் ஊர் விருந்துக்கு மீன் வறுப்பான். ஓப்பல் என்ற பெண்ணோடு இரண்டு வருஷமாகப் பழகிக்கொண்டிருந்தான். அவள் தபால் நிலையத்தில் இருந்தாள். அந்த மவுசர் பெட்டியை அவனுக்கு எடுத்துக் கொடுத்ததே அவள்தான். சீக்கிரமே கல்யாணம் என்று ஊரே முடிவு செய்திருந்தது.

மலைமேல் இருக்கிற எங்கள் வேட்டைக் குடிலின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மானைச் சுட்டுத் தவறவிட்டவன் சாயங்காலம் மேசைமேல் குப்புறப் படுக்கவேண்டும். இரண்டு பேர் கையைப் பிடிக்க, இரண்டு பேர் காலைப் பிடிக்க, தலைவன் கத்தியால் அவன் சட்டையின் பின்வாலை அறுப்பான். அதில் பெயரும் வருஷமும் எழுதி உத்தரத்தில் ஆணி அடிப்பான். என் வால் ஒன்று அங்கே இருக்கிறது. தலைவன் டெல்மருக்கும் ஒன்று. ஒருவனுக்கு ஒன்றோ இரண்டோ இருந்தால் அது சிரிப்பு. அதற்குமேல் போனால் அது வேறு.

முதல் வருஷம் வெண்டலைத் தவறவைத்தது நான். மறைத்து என்ன ஆகப்போகிறது! குறிமுள் அடித்தகட்டில் வெட்டின காடிக்குள், ஒரு சின்னப் பள்ளத்துக்குள், உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ஒரு பித்தளை உளியை வைத்துத் தட்டினால் நகரும். தீக்குச்சியில் பாதிக் கனம் நகர்ந்தால் போதும், நூறு கஜத்தில் குண்டு ஒரு சாண் தள்ளிப் போகும். குடிலில் துப்பாக்கிகள் எல்லாம் கதவோரத்துச் சட்டத்தில்தான் நிற்கும். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டெல்மருக்கு எப்படி என்று காட்டி, ஒரே ஒரு தட்டு தட்டினேன். நல்ல துப்பாக்கியைக் கசாப்புப் போட்டவனுக்கு ஒரு பாடம் என்று நினைத்தேன். ஓப்பல் அப்போது என் மனதில் இல்லை. கடவுளுக்குத் தெரியும். கடவுள் நம்புவாரா என்பது வேறு விஷயம்.

மறுநாள் அறுபது கஜத்தில் நின்ற மானை வெண்டல் தவறவிட்டான். நான்தான் அவன் இடது காலைப் பிடித்தேன்.

அடுத்த வருஷமும் தவறினான். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. அந்த வருஷங்களில் வேட்டைச் சீசன் முதல்நாள் எனக்குக் கடையில் கூட்டம் நெரியும், யாராவது ஒருவன் விசை இறுகிவிட்டது என்று ஓடிவருவான். அதனால் சனிக்கிழமைதான் மலைக்குப் போவேன். போனால் உத்தரத்தில் ஒரு வால் கூடியிருக்கும். ஏன், எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அதனாலேயே கேட்கவில்லை.

மூன்றாவது வால் விழுந்த குளிர்காலத்தில் வெண்டல் ஓப்பலை விட்டுவிட்டான். "எனக்கும் கல்யாணத்துக்கும் ஒத்துவராது" என்று ஒரே வரி. அவள் ஆறு மாசம் அழுதாள், அப்புறம் கோபப்பட்டாள், அதற்கப்புறம் என்னைக் கட்டிக்கொண்டாள். ஐந்தாம் வருஷம் அவன் பஸ்ஸையும் விட்டான். மரம் அறுக்கிற மில்லில் பலகை அடுக்கப் போனான். சோம்பேறி ஆகிவிட்டான், குடிக்கிறான் என்று ஊர் பேசியது. அவன் பீர்கூடத் தொடமாட்டான்.

பத்தாம் வருஷம் இலையுதிர் காலத்தில் அவன் மவுசரை ஒரு பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தான். கட்டை நீளவாக்கில் பிளந்திருந்தது.

"சரிபண்ண முடியுமா?"

"இதை முதல்லயே புதைச்சிருக்கணும். கொடு, பார்க்கறேன்."

அவன் போகவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான். "நுனியில இருக்கற முள்ளைக் கொஞ்சம் பெரிசா வை ஆர்லோ. வெள்ளையா ஏதாவது பூசு. எனக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எங்கம்மாவுக்கு இப்படித்தான ஆரம்பிச்சுது. பகல்ல ஊசி கோப்பா. பொழுது சாய்ஞ்சா வாசப்படி தெரியாது. அம்பது வயசுல சுத்தமா போச்சு." அவன் குரலில் அழுகையே இல்லை, மில் கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னான். "எனக்கும் அதேதான். ஊருக்கு வெளிய கிராவல் தோண்டின குழியில வெச்சு அட்டையைச் சுட்டா அஞ்சு குண்டும் நடுவுல விழுது. காட்டுக்குள்ள, விடியற வெளிச்சத்துல, மான் நிக்குது, முள்ளும் தெரியற மாதிரிதான் இருக்கு, ஆனா குண்டு எங்கயோ போகுது. டாக்டர்கிட்ட போனேன். இப்ப ஒண்ணும் தெரியலை, இதெல்லாம் லேட்டாத்தான் தெரியும்னு சொன்னார். எனக்குத்தான் தெரியுதே. வருஷா வருஷம் தெரியுதே."

"அதுக்குத்தான் பஸ்ஸை விட்டியா?"

"அறுபது குழந்தைங்கடா. குளிர்காலத்துல நாலரை மணிக்கே இருட்டிடும்."

நான் கேட்காமலே அடுத்ததையும் சொன்னான். "ஓப்பலையும் அதுக்குத்தான். எங்கப்பா இருபது வருஷம் அம்மாவுக்கு மாமிசத்தை வெட்டிக் கொடுத்துக்கிட்டிருந்தார். அவளுக்கு எதுக்கு அந்தத் தலையெழுத்து? நீ சொல்லிடாத. உன்கிட்ட நல்லாத்தான் இருக்கா." கொஞ்சம் சிரித்தான். "வீட்டுல சாயங்காலம் கண்ணை மூடிக்கிட்டு நடந்து பழகறேன். அடுப்பு வரைக்கும் இடிக்காம போயிடுவேன் இப்ப. இந்த வருஷமும் தவறினா துப்பாக்கியை உனக்கே கொடுத்துடறேன். அதுக்கப்புறம் நான் மலைக்கு வரமாட்டேன்."

அவன் போனபின் துப்பாக்கியை வைஸ் இடுக்கியில் பூட்டி, பத்து வருஷ அழுக்கைத் துடைத்தேன். காடியின் இரண்டு பக்கமும் இரும்பு கொத்திக் கிடந்தது. ஒரு தட்டு இல்லை. இந்தப் பக்கம் எட்டுப் பத்து, அந்தப் பக்கம் எட்டுப் பத்து. முதல் நாளுக்கு முன் தள்ளி, ஊர் திரும்பும்போது மறுபடி பழைய இடத்துக்குத் தட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் கிராவல் குழியில் ஐந்தும் நடுவில் விழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

டெல்மரைத் தேடிப் போனேன். அவன் தன் கொட்டிலில் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒன்பது வருஷமாடா?" என்றேன்.

அவனுக்கு உடனே புரிந்தது. "ஏழு. ரெண்டு தடவை அவனே தவறினான்" என்று சொல்லிச் சிரித்தான். "ஒரு சின்னத் தட்டு. மலையில வேற என்ன பொழுதுபோக்கு?"

"அவன் குருடாகப் போறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்டா! பஸ்ஸை விட்டது அதுக்கு. ஓப்பலை விட்டது அதுக்கு."

டெல்மரின் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் மறுபடி தீனி அள்ளினான். "எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் சிரிச்சோம், அவனும்தான் சிரிச்சான்." மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தான். "சரி, போய் சொல்லு. முதல்ல தட்டினது யாருன்னும் சொல்லு. உன் பொண்டாட்டி எங்கேயிருந்து வந்தான்னும் சேர்த்துச் சொல்லு. போ, யாரு தடுக்கறா?"

பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்கள். நான் எந்தப் பக்கம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டியில் ஏறினேன்.

சொல்ல முடியாதவன் வேறு என்ன செய்வான்? வேலை செய்தேன். மூன்று வாரம் அந்தத் துப்பாக்கிக்கே கொடுத்தேன். கோணல் நுனியைக் கடைசல் எந்திரத்தில் போட்டு நேராக்கினேன். அவன் ஈயப் பற்றைச் சுரண்டி எறிந்துவிட்டு, குறிமுள்ளை உட்காரவைத்துக் குறுக்கே எஃகு ஊசி அடித்து அரத்தால் மட்டமாக்கினேன். இனி டெல்மர் சம்மட்டி கொண்டு வந்தாலும் அசையாது. வார்னிஷை உரித்தேன். வால்நட் மரத்தில் புதுக் கட்டை செதுக்கி, அவன் கன்னத்துக்கும் தோளுக்கும் அளந்து பொருத்தினேன். என் கையிலிருந்து அதைவிட நல்ல துப்பாக்கி ஒன்று வெளியே போனதில்லை. அதைச் செய்யச் செய்ய, கடன் தீர்கிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

சீசன் முதல்நாள், திங்கட்கிழமை, கடையைப் பூட்டிவிட்டு மலைக்குப் போனேன். டெல்மர் அந்தத் துப்பாக்கியின் நுனியைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். வெண்டல் பகல் முழுவதும் பனியில் பாறைமேல் உட்கார்ந்திருந்தான். கீழே ஓடைப் பக்கம் நான். வெளிச்சம் வடியப்போகிற நேரம். மரத்துக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத அந்தச் சாம்பல் நேரத்தில் ஒரே ஒரு வெடி கேட்டது.

நான் மூச்சு வாங்க மேலே ஏறிப் போனேன். எட்டுக் கிளைக் கொம்பு. நூற்று இருபது கஜம். குண்டு தோளுக்குப் பின்னால், எங்கே போகவேண்டுமோ அங்கே போயிருந்தது. வெண்டல் மானுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து தன் கையை முகத்துக்கு எதிரே விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆர்லோ, அஞ்சு விரலும் தெரியுதுடா. அதோ அந்த பர்ச் மரத்துப் பட்டை உரிஞ்சு தொங்குது. தெரியுதா உனக்கு? எனக்குத் தெரியுது."

"தெரியுதுடா."

"அப்ப என் கண்ணுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டான். நாற்பத்தேழு வயது ஆள், மான் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நான் பனியில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம்.

குடிலில் அன்று ஆரவாரம். டெல்மர்தான் எல்லோருக்கும் முன்னால் வெண்டலைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெண்டல் மானின் முதுகுக் கறியை வெள்ளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்கள் கல்யாணத்துக்கப்புறம் அவன் வாசல்படி மிதிப்பது அதுதான் முதல் தடவை. சவரம் செய்து, கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். ஓப்பல் வெண்ணெய் போட்டுக் கறியை வறுத்தாள். சாப்பிடும்போது அவனே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டான். அம்மாவின் கண், கிராவல் குழியில் மட்டும் குண்டு சரியாக விழுந்தது, பஸ், இருட்டில் நடந்து பழகியது, அவளை விட்டது, எல்லாம். சிரித்துக்கொண்டே சொன்னான். வேறு எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"கண்ணுல ஒண்ணுமே இல்லை ஓப்பல். எல்லாம் என் ஹாக்ஸாதான். குழலைக் கோணலா அறுத்துட்டு, பத்து வருஷமா கண்ணைக் குறை சொல்லிக்கிட்டிருந்திருக்கேன். சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டவன் நான். வேற யாரைச் சொல்றது?"

ஓப்பல் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அவள் வெண்டலைப் பார்க்கவில்லை. நேராக என்னைத்தான் பார்த்தாள். ஆறு வருஷம் என்னோடு வாழ்ந்தவள். என் கடையில் ஆயிரம் துப்பாக்கியைப் பார்த்தவள்.

"நீதான சரிபண்ணின, ஆர்லோ. கோணலா அறுத்தா வருஷா வருஷம் தவறுமா? கிராவல் குழியில மட்டும் சரியா விழுமா?"

வெண்டலும் என்னைப் பார்த்தான். அந்த ஊரில் துப்பாக்கியைப் பற்றி நான் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

"தவறும்" என்றேன். "குளிர்ல இரும்பு சுருங்கும். கோணல் குழல்னா அப்படித்தான்."

"பார்த்தியா, சொன்னேன்ல" என்றான் வெண்டல். ஓப்பல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மேசையைச் சுற்றிப் போய், அவன் நெற்றியில் கை வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் என் தட்டில் இருந்த கறியை, கண் தெரியாதவருக்கு வெட்டிக் கொடுக்கிற மாதிரி, சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தேன்.