தொட்டுப் பார்த்த பிறகு ‘ஆச்சு’

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். இரவெல்லாம் மழை. பால் காய்ச்சி, இட்லி வைத்து, இரண்டு டிபன் டப்பா கட்டினேன். ஆறு ஐம்பதுக்குக் குடையுடன் கிளம்பி, கேம்ப் ரோட்டில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, ஏழு பத்துக்குச் சேலையூரில் சாரின் வீட்டு கேட்டைத் திறந்தேன். நான்கு வருடமாக அதே ஏழு பத்து.

சார் என் பழைய முதலாளி. வயது எண்பத்தெட்டு. விமானத்தை எல்லோரும் அண்ணாந்து மட்டுமே பார்த்த காலத்தில் மீனம்பாக்கத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டு, வயல்களுக்கு மேலே மருந்து தெளித்தவர். பிறகு பல்லாவரத்தில் ரப்பர் வாஷர் தொழிற்சாலை தொடங்கினார். அங்கே பத்தொன்பது வருடம் நான் அலுவலக வேலை பார்த்தேன். தினமும் மெயின் சுவிட்சைப் போடும் முன் நான் ஒரு பட்டியலைப் படிக்க வேண்டும். அவர் ஒவ்வொரு இயந்திரமாகப் போய்த் தொட்டுவிட்டு, ‘ஆச்சு’ என்பார். விமானத்தில் வந்த பழக்கம். ஒருமுறை பெட்ரோல் மூடியைத் தொடாமலே ‘ஆச்சு’ சொல்லிப் பறந்து, வயலில் இறங்க வேண்டியதாயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த நண்பர் கடைசிவரை நொண்டியே நடந்தார்.

தொழிற்சாலையை மூடி, அவர் மனைவியும் இறந்த பிறகு, பட்டியல் வீட்டுக்கு வந்தது. கேஸ், மோட்டார், மாத்திரை, போன், கேட் பூட்டு. இப்போதைய அலுவலகத்துக்குப் போகிற வழியில் நான் படித்துவிட்டுப் போவேன்.

தீபாவளிக்கு வந்திருந்த சாரின் மகள் புதன்கிழமை பெங்களூர் திரும்ப வேண்டும். அப்பாவைத் தனியே விடுவதா, கூட்டிப் போவதா என்று அன்றைக்குள் முடிவு செய்தாக வேண்டும். சாருக்குப் போக மனமில்லை. “தாம்பரம் மாதிரி தலைக்கு மேல பிளேன் சத்தம் அங்க கேக்குமா?” என்று முந்தின நாளே கேட்டிருந்தார்.

“படிங்க அக்கா, இன்னிக்கு நானும் கேக்கறேன்” என்று மகள் காபியோடு உட்கார்ந்தாள்.

“கேஸ்?”

“ஆச்சு.”

“மோட்டார்?”

“ஆச்சு.”

“மாத்திரை?”

“வெள்ளை ரெண்டு, ரோஸ் ஒண்ணு. ஆச்சு. அடுத்ததைப் படிங்க, தூங்கிட்டீங்களா?”

மகள் சிரித்தாள். “ஒண்ணுகூடத் தப்பல! என்னைவிட ஷார்ப். நான்தான் சும்மா பயந்துட்டேன்.”

சார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதில் என்ன தவறு என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

பின்பக்கம் போனேன். மழை விட்டிருந்தது. ஆனாலும் மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் மேல் கை வைத்தேன். சுட்டது. அணைத்தேன். பேசாமல் வந்திருந்தால் அவர் அந்த வீட்டிலேயே இருந்திருப்பார். கேட்டருகே மகளிடம் சொன்னேன்.

“மோட்டார்தானே அக்கா?”

“இன்னிக்கு மோட்டார். கேஸுக்கும் அவர் எழுந்திருக்கலையேம்மா.”

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கிளம்பவில்லை. சற்று நேரத்தில் சார் கூப்பிட்டார்.

“நீங்களா சொன்னது?”

“நான்தான் சார்.”

“கை வச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். சுட்டுது.”

தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். “அப்ப சரி” என்றார்.

அலுவலகத்துக்கு நாற்பது நிமிடம் தாமதம். வருகைப் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் மழை என்று எழுதினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஐந்து ஐம்பதுக்கு, அந்த வீட்டில் பட்டியலைப் படித்தேன். சார் தடியை ஊன்றி ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டார். ஐந்து வரிக்கு இருபத்தைந்து நிமிடம். பெங்களூர் போக வந்த கார் டிரைவர் ஹாரன் அடித்தார். மகள் கையைக் காட்டி நிறுத்தினாள். கடைசி வரி, கேட் பூட்டு. வெளியே நின்று இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்துவிட்டு, “ஆச்சு” என்றார்.