பதிவுக்கும் தாலிக்கும் இடையில் ஆறு மாதம்

கண்டியில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் ரத்தினம்மாவுக்கு இருபத்தாறு வருட வேலை. துவைத்து வந்த படுக்கை விரிப்புகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். கிழிசல் உள்ளே போகிற மாதிரி மடித்து அடுக்கிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும்; பலரும் அப்படித்தான் செய்தார்கள். அவள் கிழிசலை வெளியே தெரிய மடித்து, தையல்காரரின் மேசையில் கொண்டுபோய் வைப்பாள்.

2011இல் நிர்வாகத்தோடு கூட்டு ஒப்பந்தம் பேசும்போது மற்றவர்கள் இரண்டாவது சீருடை கேட்கத்தான் இருந்தார்கள். மருத்துவக் காப்புறுதியில் பிள்ளைகளின் வயதைக் கூட்டச் சொன்னவள் ரத்தினம்மா. அப்போது பதினெட்டோடு நின்றுவிடும்.

"பதினெட்டுல ஏ.எல். கூட முடியாதுங்க சேர்," என்றாள் மனேஜரிடம். "சோதனை எழுதி, ரிசல்ட் வந்து, கெம்பஸ் கிடைக்குமா கிடைக்காதான்னு பார்த்துக்கிட்டு இருக்கவே இருபத்தொண்ணு ஆயிரும். அதுவரைக்கும் அதுங்களுக்கு காய்ச்சல் வருத்தம் வராதா?"

"இருபத்தஞ்சுன்னு போடுவோம். கல்யாணம் முடிச்ச பிள்ளைங்க?"

"கல்யாணம் முடிச்சா புருஷன்காரன் பார்த்துக்குவான். அதையும் நீங்களா பார்க்கப்போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். 'திருமணமாகாத, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்' என்று ஒப்பந்தத்தில் ஏறியது. அந்த வருடமே மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு அது உதவியது.

ஏழு வருடம் கழித்து அவள் மகள் சந்திரிகாவுக்கு இருபத்தொன்று. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. ஆடிக்கு முன்னால் இரண்டு வார லீவில் வந்தவன், போவதற்குள் பதிவை முடித்துவிட்டான். மஹய்யாவயில் இருந்த பெண் வீட்டுக்கே பதிவாளரைக் கூப்பிட்டுக் கையெழுத்து, கேக், ஒரு ஃபோட்டோ. தாலி தை மாதம், அடுத்த லீவில். அதுவரை பெண் அம்மா வீட்டில்தான். ஊர் வழக்கம் அது. யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

ஆடி முடியுமுன் சந்திரிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பித்தப்பையில் கல். எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் மார்கழிக்குத்தான் திகதி கிடைத்தது. அதுவரை இழுத்தால் கல் நகர்ந்து ஆபத்தாகலாம் என்று டாக்டர் எச்சரித்தார். காப்புறுதி இருந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் அடுத்த வாரமே முடிந்துவிடும். ரத்தினம்மா படிவத்தை எடுத்து வந்து சலவை மேசையில் விரித்தாள்.

விரிப்பை மறுமுனையில் பிடித்து மடிக்கும், மடவளையிலிருந்து வேலைக்கு வரும் அனீஸா எட்டிப் பார்த்தாள். "ரத்தினம்மாக்கா, ரெஜிஸ்டர் பண்ணினத எழுதவாணாம். தாலி கட்டல்லையே. யாருக்கு தெரியப்போற?"

"எனக்குத் தெரியுமே."

"ஒங்களோட பேசி வேலையில்ல."

'பதிவு முடிந்தது. தாலி இன்னும் கட்டவில்லை. என் வீட்டில்தான் சாப்பிடுகிறாள்' என்று எழுதிக் கொடுத்தாள். பத்தாம் நாள் காப்புறுதிக் கம்பனியின் கடிதம் வந்தது. சட்டப்படி திருமணமானவர், கோரிக்கை ஏற்கப்படவில்லை. கட்டாரிலிருந்த மாப்பிள்ளையின் காப்புறுதி அவனுக்கு மட்டும்தானாம்.

"நீ வச்ச பொறியில நீயே விழுந்துட்டியே," என்றார் கணவர் வீரையா. அன்று பூராவும் தன் த்ரீவீலில் மகளை ஏற்றிக்கொண்டு அலைந்த களைப்பு அவருக்கு.

"விழுந்தா எந்திரிக்கணும். செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுங்க."

செவ்வாய் அவளுடைய லீவு நாள். யாராவது வராமல் போனால் அந்த இடம் கிடைக்குமா என்று சத்திரசிகிச்சை கிளினிக் வாசலில் காலை ஆறு மணிக்கே போய் உட்கார்ந்தாள். ஒருவரிடமும் அழவில்லை, கெஞ்சவில்லை. மகளின் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான்காம் செவ்வாய் அவள் தலையைக் கண்டதுமே நர்ஸ் சிரிக்கத் தொடங்கிவிட்டார். ஏழாம் செவ்வாய், குருநாகலிலிருந்து வரவேண்டிய ஒருவர் வரவில்லை. "அம்மா, நாளைக்கு மகளைக் கூட்டிட்டு வாங்க," என்றார் அந்த நர்ஸ். புரட்டாதி முடிவதற்குள் கல்லை எடுத்தாயிற்று. தையில் தாலி ஏறி, சந்திரிகா கம்பளையிலிருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள்.

சித்திரையில் ஒப்பந்தம் புதுப்பிக்கும் கூட்டத்துக்கு ரத்தினம்மா வந்து உட்கார்ந்ததும் மனேஜருக்கு ஆச்சரியம். "ஒங்க மகள் கல்யாணம் முடிச்சுப் போயிட்டாளே. இனி ஒங்களுக்கு என்ன?"

"பிழையாச் சொன்னது நான்தானே, சேர். கல்யாணம்னு நான் சொன்னது பொண்ணு வீட்டை விட்டுப் போறத. கையெழுத்துப் போடுறத இல்ல. எங்க பக்கத்துல ரெண்டுக்கும் நடுவுல ஆறு மாசம், ஒரு வருசம் கிடக்கும். அனீஸா ஆளுங்களுக்கும் அப்படித்தான். அந்த நேரத்துல பிள்ளைய யாரு பார்க்கிறது?"

கம்பனிக்காரர் இரண்டு மாதம் இழுத்தார். அவளும் விடவில்லை. கடைசியில், 'பதிவு முடிந்தும் பெற்றோர் வீட்டில் வாழ்பவர்' என்று ஒரு வரி கூடியது.

அடுத்த வருடம் அனீஸாவின் மகள் ஹபீலாவுக்கு, நிக்காஹ் பதிவான காவின் எழுதி மூன்றாம் மாதம் டெங்கு. அனீஸா சலவை மேசையில் படிவத்தை விரித்து, ஈரக் கையாலேயே பேனையைப் பிடித்தாள். என்ன எழுதுவது என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. 'காவின் முடிந்தது. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.'

"கையைத் துடைச்சிட்டு எழுது," என்றாள் ரத்தினம்மா, அடுத்த விரிப்பை வெளிச்சத்தில் தூக்கியபடி. "பேப்பர் நனையுது."