விரதத்தை விட்ட பௌர்ணமி

எனக்கு இரைப்பையில புற்றுநோய்க் கட்டி. "சீக்கிரமே வந்துட்டீங்க, அறுத்து எடுத்துடலாம். ஆனா இன்னும் எடை குறைஞ்சா உடம்பு ஆபரேஷன் தாங்காது, நல்லா சாப்பிடுங்க"னு டாக்டர் சொன்னார்.

ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு நான் வேண்டிக்கிட்டேன். பௌர்ணமியன்னிக்கு ஒண்ணும் சாப்பிடாம கிரிவலம் கிளம்பினேன். பாதி வழியில கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஓரமா உக்காந்துட்டேன்.

அங்க அன்னதானம் போட்டுக்கிட்டிருந்த ஒரு அம்மா தயிர் சாதத்தை நீட்டினாங்க.

"விரதம், வேணாம்மா"ன்னேன். எதுக்குன்னு கேட்டாங்க. சொன்னேன்.

அவங்க கரண்டியை வச்சுட்டு என் பக்கத்துல உக்காந்தாங்க.

"எங்க வீட்டுக்காரருக்கும் இதே கட்டிதாங்க. சாப்பாடு இறங்காம இளைச்சுப் போயி, கடைசியில ஆபரேஷனே பண்ண முடியல"ன்னாங்க. அப்புறம் தொன்னையை என் கையில வச்சு, "மலை எங்கியும் போயிடாது. நீங்கதான் போயிடுவீங்க. சாப்பிடுங்க"ன்னாங்க.

மலையைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டேன். அங்கிருந்தே ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு வேளையும் விடல. ஆபரேஷனும் ஆச்சு.

இப்போ கொஞ்சம் கொஞ்சமாதான் சாப்பிட முடியுது. ஒவ்வொரு வேளையும் முதல் வாய் எடுக்கும்போது அந்தம்மாவோட வீட்டுக்காரர் நெனப்பு வருது. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது.