பைக்குள் இருந்த கை

புக்கிட் ரோத்தான் கிளினிக்கில் என் பக்கத்தில் இருந்தவர் செம்பனைத் தோட்டத்துக் காவலாளி. வெள்ளை மீசை. வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. படிவத்தை என்னிடம் நீட்டினார்.

"நீயே எழுது தம்பி. ஆறு வருசமா கை நடுங்குது. வேலையும் தோட்டத்து வீடும் போயிருமேன்னு மறைச்சிட்டேன்."

"நோய்க்குப் பென்ஷன் இருக்கே, அங்கிள்?"

"அறுபது வயசுக்குள்ள கேக்கணுமாம்லா, எனக்குத் தாண்டிருச்சு. இப்ப கேட்டா, அறுபதுக்கு முன்னாடியே உடம்பு முடியாமப் போச்சு, அதுக்கப்புறம் வேலையே செய்யலன்னு காட்டணுமாம். நான் இன்னைக்கும் வேலைக்குப் போறேன்."

படிவத்தில் அடுத்த கேள்வி: எத்தனை நாளாக?

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு வாரம்னு போடு. தோட்டத்துல தெரிஞ்சா வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க."

அப்படியே எழுதினேன். ஆறு வருடம் என்ற உண்மையை எழுதியிருந்தால் அது பென்ஷனுக்குச் சான்றாகி அவரைக் காப்பாற்றியிருக்குமா, வீட்டை விட்டு விரட்டியிருக்குமா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.