இடப்பக்க வளைவு

"எப்ப நிக்குதுனு அப்புறம் சொல்லுங்கண்ணா. எப்ப நிக்காம ஓடுது, அத மொதல்ல சொல்லுங்க."

பானட்டைத் திறக்காமல், அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடியே கேட்கிறார் அன்புச்செல்வி. வேங்கிக்காலில் அவருடைய ஒர்க்‌ஷாப்புக்கு வரும் எல்லாரிடமும் முதல் கேள்வி இதுதான். பதில்களை வண்டிக்குப் பக்கத்தில் சிமென்ட் தரையில் சாக்பீஸால் எழுதிக்கொள்வார். பழுது பிடிபட்டால்தான் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுவார். சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை, நாற்பதை நெருங்கும் வயது. ஸ்பீக்கரில் பாட்டு வைக்க அங்கே யாருக்கும் அனுமதியில்லை. "இன்ஜின் பேசறது காதுல விழணும்ல?"

என் வண்டியை ஆயில் மாற்ற விட்டுவிட்டு நான் காத்திருந்த வியாழக்கிழமை, கீழ்பென்னாத்தூரிலிருந்து சக்திவேல் வந்தார். மணிலாக் கடலை பயிரிடுகிறவர். மனைவி பொன்னிக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் வேலூரில் டயாலிசிஸ். அந்த வாரம் போளூர் தாண்டி, ஒரு லாரிக்கு முன்னால் கார் அப்படியே அணைந்திருக்கிறது. லாரிக்காரர் ஒடித்துத் திருப்பியதால் இருவரும் பிழைத்தார்கள்.

"மூணு கடை பாத்துட்டேம்மா. காத்த அளக்கற சென்சார்தான் போச்சுன்னாங்க. ரெண்டு வாட்டி புதுசு மாத்தியாச்சு. அப்பவும் நிக்குது."

பின் சீட்டிலிருந்து இறங்காமலே பொன்னி சொன்னார்: "நான் ஏறுனாத்தாங்க நிக்குது. அவரு தனியா போனா நல்லாத்தான் ஓடுது. என் ராசி அப்டி."

சக்திவேல் தரையைப் பார்த்தார். வீட்டில் பலமுறை பேசப்பட்ட பேச்சு என்பது தெரிந்தது. அன்புச்செல்வி சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. குனிந்து தரையில் எழுதினார்: அக்கா ஏறினால் நிற்கிறது.

"தனியா போனா எங்கண்ணா போவீங்க?"

"ஊருக்குள்ளதான். கடைக்கு, மணிலாக் கொல்லைக்கு."

பொன்னியை நிழலில் உட்காரவைத்துவிட்டு, ஸ்கேனரைக் காரில் மாட்டிச் சக்திவேலிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தார். அனுமதி கேட்டு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். மலையை வலக்கைப் பக்கம் வைத்து, கிரிவலப் பாதையில் ஒரு முழுச் சுற்று. உள்ளே போகும் காற்றின் அளவு ஸ்கேனர் திரையில் கோடாக ஓடியது. பதினான்கு கிலோமீட்டரும் ஒரு பிசிறில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அன்புச்செல்வி மட்டும் கண்ணை மூடி யோசித்தார். "இவ்ளோ நேரம் வலப்பக்கமாவே வளைஞ்சிருக்கோம். திருப்புங்கண்ணா."

"எதிர்ப்பக்கமாவா?"

"சாமி ஒண்ணும் சொல்லாது. ஓட்டுங்க."

இப்போது மலை இடக்கைப் பக்கம். அடி அண்ணாமலை தாண்டியதும் ஒரு நீண்ட இடப்பக்க வளைவு. வேகம் அறுபது. திரையில் ஓடிய கோடு சட்டென்று சுழியத்தில் விழுந்தது. இன்ஜின் விக்கி, அணைந்தது. அன்புச்செல்வி மெதுவாகச் சொன்னார்: "வந்துட்டான்."

ஓரங்கட்டச் சொல்லி, அன்று முதல்முறையாகப் பானட்டைத் திறந்தார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாங்கும் ரப்பர் ஒன்று எப்போதோ விழுந்திருந்தது. வேகமாக இடப்பக்கம் வளைந்தால் பெட்டி வலப்பக்கம் நகர்கிறது. சென்சாருக்குப் போகும் ஒயரை இழுக்கிறது. நான்கு ஒயர்களையும் கண்ணால் பார்க்காமல், விரலிடுக்கில் ஒவ்வொன்றாக உருவினார். மூன்றாவதில் விரல் நின்றது. மேல்தோல் பளபளவென்று முழுதாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்து, இழுபடும்போது மட்டும் விலகியது.

பொன்னி ஏறினால்தான் வேலூர். வேலூர் என்றால்தான் வேகம். அவ்வளவுதான் ராசி.

ஒர்க்‌ஷாப்பில் புது ஒயர் வைத்துப் பற்றவைத்தார், ரப்பரும் போட்டார். மறுபடி அதே வளைவில் மூன்று முறை ஓட்டவைத்தார். கோடு அசையவில்லை. பிறகு, வெட்டியெடுத்த பழைய ஒயர்த் துண்டோடு பொன்னியிடம் போனார். மின்சாரம் ஓடுகிறதா என்று ஒலியால் காட்டும் மீட்டரின் இரண்டு முனைகளையும் அதன் நுனிகளில் வைத்தார். பீப் என்ற ஒலி விடாமல் கேட்டது.

"நடுவுல பிடிச்சு வளைங்கக்கா."

பொன்னி தயங்கித் தயங்கி வளைத்தார். ஒலி நின்றது. நிமிர்த்தினார், வந்தது. மறுபடி வளைத்தார். மறுபடி. முகம் கோணி, கண் நிறைந்து, வளைத்துக்கொண்டே இருந்தார்.

வாசலில் இரண்டு வண்டிகள் ஹார்ன் அடித்தன. அன்புச்செல்வி திரும்பவில்லை. பொன்னி தானாக நிறுத்தும்வரை, மீட்டரின் முனைகளை அசையாமல் பிடித்தபடி அவர் முன்னால் குந்தியிருந்தார்.