கௌரி அக்காவின் தலைவலி கிளினிக்

செய்தி வந்தபோது நான் பதுளை பஸ்ஸில் இருந்தேன். மகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு திரும்பும் வழி. லீவில் யாழ்ப்பாணம் போயிருந்த கௌரி அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னார். பஸ் நிறைய ஆட்கள். அவரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மகளின் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தேன். கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் போக முடியவில்லை, சாவு வீட்டையும் நான் பார்க்கவில்லை. அதனால்தான் அவரோடு வேலை செய்த டொக்டர்மாராகிய உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அவரும் நானும் டொக்டர்களாக இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் ஒற்றைத் தலைவலிக்கென்று தனிக் கிளினிக் தொடங்கியவர் அவர். தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் வலி எவ்வளவு என்று கேட்டால் "கொஞ்சந்தாங்க" என்பார்கள். நானும் அப்புத்தளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவள், எனக்கு அது தெரியும். அக்கா வெளியூர்க்காரர், ஆனாலும் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். அளவு கேட்பதை விட்டுவிட்டு, "தலையிடி வந்த அண்டைக்கு என்னென்ன செய்தனீங்கள்?" என்று கேட்பார். ஒரு அம்மா சொன்னார்: "காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனேங்க. கொழுந்து எடுத்தேன், வாந்தி எடுத்தேன், மறுபடி கொழுந்து எடுத்தேன்." அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த அம்மா பல வருஷமாக அன்றாடம் வலி மாத்திரை விழுங்கியவர். அந்த மாத்திரையே வலியை வளர்த்துவிட்டிருந்தது.

அந்த அம்மாவுக்கு வலி வராமல் தடுக்க புரொப்ரனலோல் கொடுத்தோம். நன்றாகக் கேட்டது. கேட்டதால்தான் வில்லங்கம் வந்தது. லயத்தில் ஒரு வீட்டு மாத்திரை ஒரு வீட்டோடு நிற்காது. பக்கத்துக் காம்பிராவில் ஒருத்திக்கு மண்டையிடி வந்திருக்கிறது, நல்ல மாத்திரை என்று அந்த அம்மா இரண்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். வாங்கிப் போட்டவளுக்கு இழுப்பு, ஆஸ்துமா. இழுப்பு உள்ளவர்களுக்கு அந்த மருந்து ஆகாது. மூச்சுத் திணறி எங்களிடம் கொண்டுவந்தார்கள், பிழைத்துக்கொண்டாள்.

அக்கா யாரையும் ஏசவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு அந்த லயத்துக்கே போனார். இது வலி வந்தபின் போடுவதல்ல, வராமலிருக்க தினமும் போடுவது, அவரவர் உடம்பைப் பார்த்துத்தான் கொடுப்பது என்று வாசலில் உட்கார்ந்து சொன்னார். ஒருத்தி விடவில்லை. "வலிக்காத அன்னைக்கும் மாத்திரையா? பசிக்காத அன்னைக்கும் சோறு போடுவீங்களா டொக்டரம்மா?"

"போடுவன். நாளைக்குப் பசிக்கக் கூடாது எண்டா இண்டைக்கே போடுவன்."

லயமே சிரித்தது. அதற்குப் பிறகு தடுப்பு மருந்து எழுதும்போதெல்லாம், பக்கத்து வீட்டில் ஆருக்கும் இழுப்பு இருக்கிறதா என்றும் கேட்பார்.

புதிய ஆராய்ச்சிகளை அக்கா விடாமல் படிப்பார். மாதம் ஒரு தடவை போடும் தடுப்பு ஊசிகளைப் பற்றி ஆசையாகப் பேசுவார். அது நம் மலைக்கு எப்போது வரும் என்று கேட்டால், "வரட்டும். அதுக்கு முதல் கையில இருக்கிறதை ஒழுங்காக் குடுப்பம்" என்பார்.

மகள் பிறந்த பிறகு எனக்கே பழைய தலைவலி திரும்பியது. கணவருக்கு மொனராகலையில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். நான் மாத்திரை போடவில்லை. பாலில் கலந்துவிடும் என்ற பயம். படித்த படிப்பெல்லாம் அந்தப் பயத்துக்கு முன் நிற்கவில்லை. ஜன்னலை மூடிக்கொண்டு கிடப்பேன். மகள் அழுவாள், என்னால் தலையைத் தூக்க முடியாது. கை தவறிக் கீழே போட்டுவிடுவேனோ என்று தூக்கவும் பயம். அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த அக்கா அழுகை கேட்டு வந்தார். பால் கொடுக்கும்போது எந்த மருந்து போடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். பிறகு கேட்டார்: "தலையிடி வாற நாளில உம்மட பிள்ளையை ஆர் பாக்கிறது?"

கணவர் சனிக்கிழமை வருவார் என்றேன். "சரி, குளிசையைப் போட்டுட்டுப் படும்" என்று மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு வலி வந்த நாளெல்லாம் அவர் வந்தார்.

அவர் காலமான பின் ஒருமுறை வலி வந்தது. கண்ணில் மினுக்கம் அடங்கி இடி தொடங்கியதுமே மாத்திரையைப் போட்டேன். கட்டிலில் படுக்கப் பயந்து, தரையில் பாயைப் போட்டு மகளைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டேன். மத்தியானத்துக்குள் வலி விட்டுவிட்டது. மருந்து வேலை செய்ததைச் சொல்ல ஆள் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, பிள்ளையை ஆர் பாக்கிறது என்ற அந்தக் கேள்விதான். கிளினிக்குக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் மருந்து எழுதுமுன் கேட்கிறேன். போன கிளினிக்கில் ஒரு கைக்குழந்தைக்காரி, மாமியார் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒங்க பிள்ளைய யாருங்க பாத்துக்குவாங்க?"

கௌரி அக்கா இருக்காங்க என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.